ஹேரியட் பவர்ஸின் குயில்ட்டுகள்: வடிவமைப்பைப் படிக்க விரும்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஏதென்ஸ் நகரை அடுத்த கிராமப்புறத்தில் விவசாயம் செய்து வாழ்ந்த ஹேரியட் பவர்ஸ் (1837–1910) தைத்த இரண்டு குயில்ட்டுகள் இன்று எஞ்சியுள்ளன. அவருடைய வாழ்க்கையைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். அந்தத் துணிகளில் உருவங்கள் எப்படி வெட்டப்பட்டிருக்கின்றன, எங்கே வைக்கப்பட்டிருக்கின்றன, எந்த ஒழுங்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்று பொறுமையாகப் பார்த்தவர்கள் அவர்களைவிடக் குறைவு. பவர்ஸை முதலில் ஒரு வடிவமைப்பாளராகப் படிக்க வேண்டும் என்ற நம்பிக்கையோடு இப்பக்கம் எழுதப்பட்டிருக்கிறது. தையல் கற்பவர்களும், பழைய குயில்ட்டுகளைப் பார்த்து வரைந்து பழக விரும்புகிறவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள் உள்ளன.

குயில்ட் என்றால் என்ன?

மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி ஆகிய மூன்று அடுக்குகளையும் ஊடுருவித் தைத்து ஒன்றாக்கிய போர்வையே குயில்ட். மேல்துணியைச் சிறு சிறு துண்டுகளை இணைத்தும் உருவாக்கலாம். ஒரு துணியின்மேல் வேறு துணியில் வெட்டிய உருவங்களை வைத்து ஓரங்களைத் தைத்தும் உருவாக்கலாம். இரண்டாவது முறைக்கு அப்ளிக் என்று பெயர். பவர்ஸ் கட்டங்களையும் அவற்றுக்கு இடையிலான பட்டிகளையும் இணைத்துத் தைத்து, கட்டங்களுக்குள் மனிதர்களையும் விலங்குகளையும் விண்மீன்களையும் அப்ளிக் முறையில் அமைத்தார்.

ஹேரியட் பவர்ஸ் யார்?

1837-ல் ஏதென்ஸ் அருகே அடிமையாகப் பிறந்தவர். 1855-ல் ஆம்ஸ்டெட் பவர்ஸை மணந்தார். ஒன்பது குழந்தைகளைப் பெற்றார். உள்நாட்டுப் போருக்குப் பின் விடுதலை பெற்ற அந்தக் குடும்பம் சில ஏக்கர் நிலத்தைச் சொந்தமாக்கிக்கொண்டு பயிர் செய்தது. பிறகு வந்த நெருக்கடிக் காலத்தில், 1890-களில், அந்த நிலத்தைப் பகுதி பகுதியாக விற்கவும் நேர்ந்தது. பவர்ஸ் 1910 ஜனவரி 1 அன்று இறந்து, ஏதென்ஸ் நகரின் காஸ்பல் பில்கிரிம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய கல்லறைக் கல் 2005-ல்தான் மீண்டும் அடையாளம் காணப்பட்டது.

அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றே நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. அவர் பெயரில் 1896-ல் எழுதப்பட்ட ஒரு கடிதம், குயில்ட் வரலாற்றாய்வாளர் கைரா ஹிக்ஸ் 2009-ல் வெளியிட்ட ஆய்வின் மூலம் பரவலாகத் தெரியவந்தது. சிறுவயதில் வெள்ளைக் குழந்தைகளின் உதவியால் படிக்கக் கற்றதையும், தாம் தைத்த வேறு குயில்ட்டுகளையும் பற்றி அவர் அக்கடிதத்தில் சொல்கிறார். ஆகவே அவர் காதால் கேட்ட பிரசங்கங்களை மட்டும் நம்பி வேதாகமக் காட்சிகளைத் தைத்தார் என்ற பழைய விளக்கத்தை இனி அப்படியே ஏற்பதற்கில்லை.

எஞ்சியிருக்கும் இரண்டும் எவை? எங்கே உள்ளன?

முதலாவதைப் பைபிள் குயில்ட் என்பார்கள். 1885–86 காலத்தைச் சேர்ந்த இது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தேசிய அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. 1968-ல் அங்கு வந்து சேர்ந்தது. சுமார் ஆறடி உயரமும் ஏழடிக்குச் சற்று அதிகமான நீளமும் கொண்ட இதில் அளவில் சமமில்லாத 11 கட்டங்கள் மூன்று வரிசைகளாக உள்ளன.

இரண்டாவதைப் படக் குயில்ட் என்பார்கள். 1895–98 காலத்தைச் சேர்ந்த இது பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. 175 சென்டிமீட்டர் உயரமும் சுமார் 267 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட இதில் ஐந்தைந்தாக மூன்று வரிசைகளில் 15 கட்டங்கள் உள்ளன. அட்லாண்டா பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய பெண்கள் 1898-ல் இதைச் சார்ல்ஸ் கத்பர்ட் ஹால் என்ற போதகருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பின்னர் கலைப்பொருள் சேகரிப்பாளர் மாக்ஸிம் கரோலிக்கிடம் சென்று, அவர் எழுதி வைத்த உயிலின்படி 1964-ல் அருங்காட்சியகத்தை அடைந்தது.

2021-ல் பாஸ்டனில் நடந்த அமெரிக்கக் குயில்ட் கண்காட்சியில்தான் இவ்விரண்டும் முதன்முறையாக ஒன்றாக வைக்கப்பட்டன. பருத்தித் துணியை வெளிச்சம் சிறுகச் சிறுகத் தின்றுவிடும் என்பதால் இத்தகைய துணிகளை எல்லாக் காலத்திலும் காட்சியில் வைப்பதில்லை. நேரில் செல்ல நினைப்பவர்கள் முன்கூட்டியே அருங்காட்சியகத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது.

அவர் முதல் குயில்ட்டை ஐந்து டாலருக்கு விற்றார் என்பது உண்மையா?

உண்மை. 1886-ல் ஏதென்ஸில் நடந்த பருத்திக் கண்காட்சியில் அது மாட்டப்பட்டிருந்தது. உள்ளூர்ப் பெண்கள் கல்விக்கூடம் ஒன்றில் ஓவியம் கற்பித்து வந்த ஜென்னி ஸ்மித் அதைப் பார்த்து, தைத்தவரைத் தேடிச் சென்று விலைக்குக் கேட்டார். பவர்ஸ் கொடுக்க மறுத்துவிட்டார். சில ஆண்டுகள் கழித்து வறுமை நெருக்கியபோது அவரே மாட்டு வண்டியில் குயில்ட்டைக் கொண்டுவந்து பத்து டாலர் கேட்டார். ஸ்மித்திடம் ஐந்துதான் இருந்தது. பவர்ஸ் கணவரோடு கலந்து பேசிய பிறகு அந்த விலைக்கே கொடுத்தார்.

இந்தச் செய்தி இரக்கத்தோடு திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது, இரங்க வேண்டியதுதான். வடிவமைப்பைப் படிப்பவருக்கு அதன் தொடர்ச்சி இன்னும் முக்கியம். விற்ற பிறகும் பவர்ஸ் பலமுறை ஸ்மித்தின் வீட்டுக்கு வந்து தம் குயில்ட்டைப் பார்த்துச் சென்றார். தம்மிடமுள்ள வெட்டுத்துணிகளை அவருக்காகச் சேர்த்து வைப்பதாக ஸ்மித் வாக்களித்தார். தைத்து முடித்த வேலையை மறுபடி மறுபடி வந்து பார்த்தவர், சில ஆண்டுகளில் இன்னும் பெரிய, இன்னும் கட்டுக்கோப்பான இரண்டாவது குயில்ட்டைச் செய்தார். முதலாவதைத் தம் மனத்தில் திருத்திப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார் என்று நினைக்க இடமிருக்கிறது.

பைபிள் குயில்ட்டில் என்னென்ன காட்சிகள் உள்ளன?

ஏதேன் தோட்டத்தில் ஆதாமும் ஏவாளும் சர்ப்பமும், அதே தோட்டம் தொடர ஏவாள் ஒரு மகனோடு, ஏழு நட்சத்திரங்களுக்கு நடுவே சாத்தான், காயீன் ஆபேலைக் கொல்வது, காயீன் பெண் தேடி நோத் தேசத்துக்குப் போவது, யாக்கோபின் கனவும் ஏணியும், இயேசுவின் ஞானஸ்நானம், சிலுவைப்பாடு, யூதாசும் முப்பது வெள்ளிக்காசும், கடைசி இராப்போஜனம், கடைசியாகத் திருக்குடும்பம்.

இவற்றில் நோத் தேசத்துக் கட்டத்தில் அதிக நேரம் செலவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். ஆதியாகமம் அந்தத் தேசத்தைப் பற்றி அநேகமாக ஒன்றுமே சொல்வதில்லை. அந்த வெற்றிடத்தைப் பவர்ஸ் விலங்குகளால் நிரப்பினார். நடுவில் ஆரஞ்சு நிறச் சீட்டித் துணியில் ஒரு சிங்கம் நிற்கிறது; அதன் கீழுதட்டிலிருந்து ஒரு வெள்ளைப் பல் துருத்திக்கொண்டிருக்கிறது. முழு உருவத்தையும் ஒரே துண்டில் நிழலுருவாக வெட்டிவிட்டு, ஒரேயொரு சிறு வெள்ளைத் துண்டால் அது கொடிய விலங்கு என்று உணர்த்திவிடுகிறார். எங்கே விவரம் வேண்டும், எங்கே வேண்டாம் என்று அறிந்த கை அது.

யூதாஸ் கட்டத்தில் காசுகள் வட்டங்களாக உள்ளன. அங்கே பெரிய நட்சத்திரம் ஒன்றும் உண்டு. முந்நூறு ஆண்டுகளில் முதல்முறையாக 1886-ல் தோன்றிய நட்சத்திரம் அது என்று பவர்ஸ் சொன்னதாக ஸ்மித் எழுதி வைத்திருக்கிறார். வேதாகமக் காட்சிக்குள் தம் காலத்து வானத்தைக் கொண்டுவரும் இந்த வழக்கமே இரண்டாவது குயில்ட்டில் முழு வடிவம் பெறுகிறது.

படக் குயில்ட்டின் 15 கட்டங்களில் என்ன உள்ளது?

இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக எண்ணிக்கொள்ளுங்கள். மேல் வரிசையில், தன் பகைவருக்காக ஜெபிக்கும் யோபு, 1780 மே 19-ன் இருண்ட பகல், மோசே உயர்த்திய சர்ப்பமும் அதைப் பார்த்துக் குணமாகும்படி பிள்ளைகளைத் தூக்கி வரும் பெண்களும், ஏதேன் தோட்டம், யோவான் ஸ்நானகன் இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது. நடு வரிசையில், கடலில் எறியப்பட்டு மீனால் விழுங்கப்படும் யோனா. ஜோடி ஜோடியாகப் படைக்கப்பட்ட உயிர்கள். 1833 நவம்பர் 13 அன்று நட்சத்திரங்கள் உதிர்ந்த இரவு. மறுபடியும் ஜோடி விலங்குகள், இம்முறை ஒட்டகம், யானை, ஒட்டகச்சிவிங்கி, சிங்கம். ஏழு கலசங்களோடு கோபாக்கினையின் தூதர்களும் கடலிலிருந்து எழும் ஏழு தலை மிருகமும். கீழ் வரிசையில், 1895 பிப்ரவரியின் கடுங்குளிர் வியாழன். 1846-ன் செந்நிற ஒளி இரவு. கடவுளைப் பற்றி எதுவும் கற்பிக்கப்படாத வர்ஜீனியாவின் செல்வர்கள் பாப் ஜான்சன், கேட் பெல் இருவரும், அவர்களோடு பெட்ஸ் என்ற பெண் பன்றியும். விலங்குகளின் படைப்பு மூன்றாம் முறையாக. இரு கள்வருக்கு நடுவே சிலுவைப்பாடு.

வேதாகமத்தில் இல்லாத நான்கு நிகழ்ச்சிகள் தேதியோ ஆண்டோ குறிக்கப்பட்டு வேதாகமக் காட்சிகளோடு சரிசமமாக அமர்ந்திருக்கின்றன. 1780-ன் இருண்ட பகல் நியூ இங்கிலாந்தில் நிகழ்ந்தது. காட்டுத் தீயின் புகையே காரணம் என்று இன்று கருதப்படுகிறது. 1833-ல் நிகழ்ந்தது லியோனிட் எரிகல் பொழிவு. முதலாவது பவர்ஸ் பிறப்பதற்கு 57 ஆண்டுகளுக்கு முன்பும், இரண்டாவது நான்கு ஆண்டுகளுக்கு முன்பும் நடந்தவை. இரண்டையும் அவர் பிறர் சொல்லித்தான் அறிந்திருக்க முடியும். ஆயினும் ஆடுமாடுகள் படுக்கப் போனதையும், கோழிகள் அடைந்ததையும், காட்டு விலங்குகள் வளையை விட்டு ஓடி வந்ததையும் கண்ணால் கண்டவர்போல் அமைத்திருக்கிறார்.

கடுங்குளிர் கட்டம் தனியே பார்க்கத் தக்கது. ஜெபித்தபடியே உறைந்த பெண், வாசற்கதவில் உறைந்த பெண், மாவு மூட்டையோடு உறைந்த ஆண், சாராயக் குடுவையருகில் உறைந்த ஆண், மூச்சுக் காற்றே பனிக்கூராகிப்போன கோவேறு கழுதை ஆகியோர் அதில் இருக்கிறார்கள். ஒரே கட்டத்துக்குள் இத்தனை தனித்தனிச் சாவுகளை ஒன்றோடொன்று முட்டாமல் வைப்பது எளிதல்ல. ஒவ்வோர் உருவத்தைச் சுற்றியும் அவர் விட்டிருக்கும் வெற்றிடத்தைக் கவனியுங்கள். குளிர் அந்த வெற்றிடத்தில்தான் இருக்கிறது.

கட்டங்களின் வரிசையில் ஏதாவது திட்டம் உண்டா, அல்லது தோன்றியபடி வைத்தாரா?

காலவரிசை இல்லை என்பது பார்த்தவுடனே தெரியும். யோபு ஏதேனுக்கு முன்னால் வருகிறார், யோனா இயேசுவின் ஞானஸ்நானத்துக்குப் பின்னால் வருகிறார். இதைக் கண்டு சிலர் ஒழுங்கே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்த முடிவு அவசரமானது என்பது என் உறுதியான கருத்து. ஒரு போர்வையைப் புத்தகத்தைப்போல் பக்கம் பக்கமாகப் படிப்பதில்லை. முழுவதையும் ஒரே பார்வையில் காண்கிறோம். ஆகவே ஒழுங்கைப் பரப்பில் தேட வேண்டும்.

முதலில் நடு வரிசையை மட்டும் பாருங்கள். இடது கோடியில் யோனாவின் கடல். வலது கோடியில் மிருகம் எழுந்து வரும் கடல். அவற்றுக்கு உட்புறத்தில் இரு பக்கமும் ஜோடி விலங்குகள். நடுவில் நட்சத்திரங்கள் உதிரும் இரவு. கடல், விலங்குகள், விண்மீன்கள், விலங்குகள், கடல் என்று இரு புறமும் ஒத்திருக்கும் இந்த அமைப்பின் மையக் கட்டம், 15 கட்டங்களுக்கும் மையமான எட்டாவது கட்டமே. குயில்ட்டின் நட்ட நடுவில் அவர் வைத்தது சிலுவையை அல்ல. ஜார்ஜியாவின் மக்கள் உலகம் முடிந்தது என்று அஞ்சி, முடியாமல் பிழைத்த ஓர் இரவை.

அடுத்து, கடவுளின் கையைத் தேடுங்கள். கட்டங்களுக்குப் பவர்ஸ் தந்த விளக்கத்தில் அந்தக் கை மூன்று இடங்களில் பேசப்படுகிறது: நான்காம் கட்டமான ஏதேனில் இரக்கமுள்ள கை, எட்டாம் கட்டத்தில் நட்சத்திரங்களைத் தடுத்து நிறுத்திய கை, பன்னிரண்டாம் கட்டமான செந்நிற இரவில் எவருக்கும் தீங்கு வராமல் காத்த கை. இந்த மூன்று கட்டங்களையும் ஒரு கோட்டால் இணைத்தால், மேல் வரிசையிலிருந்து மையத்தின் வழியாகக் கீழ் வரிசைக்கு இறங்கும் நேர்ச்சாய்வுக் கோடு கிடைக்கிறது. திட்டமிட்டு வைத்தாரா, கை தானாக அந்த இடத்துக்குப் போயிற்றா என்பதற்கு அவர் சொல் எதுவும் இல்லை. ஆனால் வடிவமைப்பைப் படிப்பவர் இந்தக் கோட்டைப் பார்க்காமல் கடந்துவிடக் கூடாது.

இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக யோபு, யோனா, உறைந்து இறந்தவர்கள்; மூவகைத் துன்பம். வலது ஓரத்தில் ஞானஸ்நானம், கோபாக்கினை, சிலுவை. இரண்டாம் கட்டத்தில் பகலில் மறைந்த சூரியன், பதினைந்தாம் கட்டத்தில் சிலுவையின் நேரத்தில் மீண்டும் மறைகிறது. இவற்றில் சிலவற்றைத் தற்செயல் என்று நீங்கள் ஒதுக்கலாம். எல்லாவற்றையும் ஒதுக்குவது கடினம்.

பெட்ஸ் என்ற பன்றி ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது?

அந்தப் பன்றி ஜார்ஜியாவிலிருந்து வர்ஜீனியாவுக்கு 500 மைல் ஓடியது என்றும், யாருக்கும் அடங்காதது என்றும் விளக்கம் சொல்கிறது. செல்வர்கள் நித்திய தண்டனையில் நுழைகிற கட்டத்தில் மனித உருவங்களைவிடப் பெரிதாக அது நிற்கிறது. தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நெடுந்தூரம் ஓடித் தப்பிய ஓர் உயிர், அடிமைத்தனத்திலிருந்து தப்பியவர்களை நினைவூட்டுகிறது என்று ஆய்வாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். பவர்ஸ் அப்படி வெளிப்படையாகச் சொன்னதில்லை. ஆனால் ஓர் உருவத்தின் அளவு வடிவமைப்பாளரின் தீர்மானம். எதைப் பெரிதாக்குகிறார் என்பதை அவர் சொல்லாகவே எடுத்துக்கொள்ளலாம்.

முழுவதும் கையால் தைத்ததா?

இல்லை. இரண்டிலும் கைத்தையலோடு மெஷின் தையலும் உண்டு. இதைக் கேட்டுச் சிலர் ஏமாற்றம் அடைகிறார்கள், அடைய வேண்டியதில்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தையல் மெஷின் அமெரிக்கக் கிராமப்புற வீடுகளுக்குள் வந்துவிட்டது. வளைவும் நெளிவுமான அப்ளிக் ஓரங்களில் மெஷினை ஓட்டுவதற்குக் கைத்தையலுக்குச் சமமான தேர்ச்சி வேண்டும். மூன்று அடுக்குகளையும் பிணைக்கும் தையல் பைபிள் குயில்ட்டில் குறைவாகவே உள்ளது. அவருடைய உழைப்பெல்லாம் மேல்பரப்பின் உருவங்களுக்கே சென்றிருக்கிறது. போர்த்திக்கொள்வதற்கு முன் பார்ப்பதற்காகச் செய்த துணி இது என்பதற்கு அந்தத் தையல் கணக்கே போதிய சான்று.

உருவங்களை எப்படி வடிவமைத்தார்?

காகித மாதிரி வைத்து வெட்டினாரா, நேரே துணியில் கத்தரி வைத்தாரா என்பதைவிட, வெட்டிய முடிவில் என்ன தெரிகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். உருவங்கள் நிழலுருக்கள். மனித உடல் சில பெரிய வளைவுகளில் முடிகிறது. கைகள் எதையாவது செய்துகொண்டிருக்கின்றன. தூரத்தில் இருப்பதைச் சிறிதாகவும் அருகில் இருப்பதைப் பெரிதாகவும் காட்டும் முறை இங்கே இல்லை. எல்லாம் ஒரே தளத்தில் மிதக்கின்றன. முக்கியமானது பெரிதாகிறது, அவ்வளவுதான். தரைக்கோடு இல்லாததால் வானத்துப் பொருள்களும் மண்ணின் உயிர்களும் ஒரே வெளியில் சேர்ந்து இருக்க முடிகிறது. வானம் மனிதர்மேல் விழுகிற கதைகளைச் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான வெளி அமையாது.

நமக்குத் தெரிந்த அவருடைய புகைப்படத்தில் அவர் அப்ளிக் வேலை செய்த ஏப்ரன் ஒன்றைக் கட்டி நிற்கிறார். அதிலும் விண்பொருள் போன்ற உருவங்கள் உள்ளன. குயில்ட்டுகளோடு அந்தப் படத்தையும் வைத்துப் பார்க்க வேண்டும்.

நாம் காணும் நிறங்கள் அசல் நிறங்களா?

முழுவதும் அல்ல. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பருத்திக்கென்று வந்த செயற்கைச் சாயங்களில் பல நிலைக்கவில்லை. 1880-களில் வந்த காங்கோ சிவப்பு அவற்றில் ஒன்று. மலிவாகவும் எளிதாகவும் சாயமேற்றியது, வெளிச்சத்திலும் துவைப்பிலும் விரைவில் வெளுத்தது. அக்காலப் பச்சைகள் பல மங்கிப் பழுப்பாகிவிட்டன. எனவே பழுப்புத் துண்டைக் கண்டதும் அடக்கமான வண்ணத் தேர்வு என்று எழுதிவிடக் கூடாது. இன்று அமைதியாகத் தோன்றும் பரப்பு, தைத்த காலத்தில் கண்ணைப் பறிக்கும் அளவுக்குப் பளிச்சென்று இருந்திருக்கலாம். தையல் ஓர மடிப்புகளுக்குள் வெளிச்சம் படாத இடத்தில் பழைய நிறம் தங்கியிருக்கும். பாதுகாப்பு வல்லுநர்கள் அங்கேதான் பார்ப்பார்கள்.

கட்டங்களின் விளக்கம் அவருடைய சொற்களேதானா?

அவர் சொல்லப் பிறர் எழுதியவை. பைபிள் குயில்ட்டின் விளக்கத்தை ஜென்னி ஸ்மித் எழுதினார். பாராட்டும் ஆர்வமும் அதில் உண்டு, அக்காலத்து வெள்ளைக்கார ஆசிரியை ஒருவர் கறுப்பின விவசாயப் பெண்ணை மேலிருந்து பார்க்கும் பார்வையும் உண்டு. படக் குயில்ட்டின் விளக்கமும் வேறொருவர் கையெழுத்து வழியாகவே நமக்கு வருகிறது. இரண்டையும் மதிக்க வேண்டும். இரண்டையும் துணியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கவும் வேண்டும்.

ஓர் உதாரணம். கடுங்குளிர் வியாழன் 1895 பிப்ரவரி 10 என்று விளக்கம் சொல்கிறது. நாட்காட்டியின்படி அது ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்திய வியாழன் பிப்ரவரி 7. புளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்த பெருங்குளிர் தென் மாநிலங்களில் இறங்கியது அந்நாட்களில்தான். கிழமை சரியாக நினைவில் நின்று தேதி பிசகியிருக்கிறது. பவர்ஸ் பிசகினாரா, எழுதியவர் பிசகினாரா என்பதை விட்டுவிடலாம். மக்கள் அந்த நாளைக் கிழமையின் பெயரால்தான் நினைவில் வைத்திருந்தார்கள் என்பது இதிலிருந்து புலப்படுகிறது.

இது ஆப்பிரிக்கக் கலை மரபின் தொடர்ச்சியா?

மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய பெனின் நாட்டில் இருந்த தஹோமி அரசின் தலைநகர் அபோமியில், அரசவைக்காக அப்ளிக் சீலைகள் தைக்கப்பட்டன. விலங்கு உருவங்களை ஒரே நிறத்தில் நிழலுருவாக வெட்டி மாறுபட்ட நிறத் தளத்தில் தைக்கும் அந்த முறைக்கும் பவர்ஸின் உருவங்களுக்கும் உள்ள ஒற்றுமையை ஆய்வாளர்கள் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். ஒற்றுமை கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அபோமியில் அதைச் செய்தவர்கள் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட ஆண்கள். பவர்ஸின் குடும்பத்தை அந்த ஊரோடு இணைக்கும் ஆவணச் சான்று இல்லை. மரபு ஒன்று பல கைகள் மாறி, உருத்திரிந்து, அவரை வந்தடைந்திருக்கலாம். இந்த ஒப்புமையைக் கேள்வியாக வைத்துக்கொண்டு பார்ப்பவர்களுக்கே அதிகம் தெரியவரும் என்று கருதுகிறேன்.

குயில்ட்டுகளில் அடிமைகள் தப்பிச் செல்வதற்கான இரகசியக் குறிகள் இருந்தன என்கிறார்களே?

வேலியில் தொங்கவிட்ட குயில்ட்டுகளின் வடிவங்கள் தப்பியோடுவோருக்கு வழி சொல்லின என்ற கதை 1990-களின் இறுதியில் பரவலானது. அதற்கு அக்காலத்துச் சான்று கிடைக்கவில்லை. குயில்ட் வரலாற்றாய்வாளர்கள் பெரும்பாலோர் அதை ஏற்பதில்லை. பவர்ஸின் எஞ்சிய குயில்ட்டுகள் அடிமைமுறை ஒழிந்து இருபது ஆண்டுகளுக்குப் பின் தைக்கப்பட்டவை.

புகைப்படத்தை மட்டும் வைத்து எப்படிப் படிக்கத் தொடங்குவது?

இரு அருங்காட்சியகங்களும் நல்ல படங்களை இணையத்தில் வைத்திருக்கின்றன. முதல் நாளில் விளக்கத்தைப் படிக்க வேண்டாம். ஒரு கட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் வெளிக்கோடுகளை மெல்லிய தாளில் வரையுங்கள். பிறகு உருவங்களை விட்டுவிட்டு, அவற்றுக்கு இடையிலுள்ள வெற்றிடங்களை மட்டும் தனித்தாளில் வரையுங்கள். இந்த இரண்டாவது தாள்தான் அதிகம் கற்பிக்கும். எங்கே இடம் விட்டார், எங்கே நெருக்கினார் என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும்.

அடுத்து, படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, ஒளியும் இருளும் எங்கே கூடுகின்றன என்று பாருங்கள். வெளுத்துப்போன நிறங்கள் ஏமாற்றும் என்பதை மறக்காமல் இதைச் செய்ய வேண்டும். அதன்பின் திரும்ப வரும் உருவங்களை, அதாவது நட்சத்திரம், சூரியன், கை, சிலுவை, பறவை ஆகியவற்றை, எந்தக் கட்டங்களில் வருகின்றன என்று ஒரு சிறு கட்டப்படத்தில் குறியுங்கள். மேலே சொன்ன சாய்வுக் கோடு போன்றவை அப்போதுதான் புலப்படும். இவ்வளவும் முடிந்த பிறகு விளக்கத்தைப் படியுங்கள். நீங்கள் கண்டதற்கும் அது சொல்வதற்கும் வேறுபாடு எங்கே இருக்கிறதோ, அங்கே மறுபடி துணிக்குத் திரும்புங்கள்.

பழைய குயில்ட் ஒன்று கையில் இருந்தால்?

துவைக்க வேண்டாம், இஸ்திரி போட வேண்டாம், வெயிலில் உலர்த்த வேண்டாம். சுத்தமான கைகளோடு, பரந்த மேசையில் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வைத்துப் பாருங்கள். பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழும் மங்கலான வெளிச்சத்தில் தையல் மேடுகளும் பள்ளங்களும் தெளிவாகத் தெரியும். பின்பக்கத்தையும் பார்க்க மறக்காதீர்கள். நூல் முடிச்சு, ஒட்டுப் போட்ட இடம், பின்னால் வந்த பழுதுபார்ப்பு எல்லாம் அங்கேதான் இருக்கும்.

காலத்தைக் கணிக்கும்போது, குயில்ட்டில் உள்ள துணிகளில் மிகப் புதியது எதுவோ அதற்கு முன் அது தைக்கப்பட்டிருக்க முடியாது என்ற விதி உதவும். பழைய துணி எத்தனை இருந்தாலும் அது காலத்தைப் பின்னுக்குத் தள்ளாது. துண்டுத் துணிகளை வீடுகளில் பல ஆண்டுகள் சேர்த்து வைப்பார்கள். பஞ்சில் விதைத் துகள்கள் இருந்தால் 1793-ல் பருத்தி அரவை இயந்திரம் வருவதற்கு முந்தியது என்ற நம்பிக்கை தவறானது. இயந்திரத்தில் அரைத்த பஞ்சிலும் துகள்கள் தங்கும்.

பவர்ஸின் உருவங்களைப் பார்த்து நான் தைக்கலாமா?

கற்பதற்காகத் தைக்கலாம், அதைவிட நல்ல பயிற்சி இல்லை என்றே சொல்வேன். யோனாவின் கட்டத்தையோ ஏதேன் கட்டத்தையோ அதே அளவில் வெட்டித் தைத்தால், படத்தைப் பார்த்து மட்டும் புரியாத பல, வளைவில் துணி மடியும் விதமும் உருவங்களின் வரிசையும் உட்பட, கை வழியாகப் புரியும். தைத்ததன் பின்புறத்தில் யாருடைய வடிவமைப்பைப் பார்த்துத் தைத்தது என்று எழுதி, ஆண்டையும் உங்கள் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

விற்பதற்காகப் பெருமளவில் நகலெடுப்பது வேறு விஷயம். 1990-களின் தொடக்கத்தில் ஸ்மித்சோனியன் தன் சேகரிப்பிலுள்ள சில குயில்ட்டுகளின் நகல்களைச் சீனாவில் தைத்து விற்க உரிமம் வழங்கியது. பைபிள் குயில்ட்டும் அவற்றில் ஒன்று. அமெரிக்கக் குயில்ட் தையற்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். மலிவான நகல்கள் தங்கள் பிழைப்பைப் பாதிக்கும் என்பது ஒரு காரணம். பிற்காலத்தில் அவற்றை அசல் என்று எண்ணிப் பலர் ஏமாறுவார்கள் என்ற அச்சம் இன்னொன்று. சந்தைக்கு வரும் பழைய குயில்ட் என்று சொல்லப்படும் துணி எதையும் வாங்குமுன், அக்காலத்து நகல்களின் சீட்டும் தையலும் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்வது நல்லது. சீட்டை அகற்றிவிட்டு விற்பவர்களும் உண்டு என்பதால், பின்பக்கத்துத் துணியையும் நூலையும் முதலில் பாருங்கள்.